வெயில் கணக்கு

என் மூக்கின் இடது ஓரத்தில் ஆறு தையல் போட்டுப் பிரித்து மூன்று மாதம் ஆகப் போகிறது. இப்போது கண்ணாடியில் பார்த்தால் கன்னம் வரை ஒரு கோடு தெரிகிறது, அவ்வளவுதான். வெட்டி எடுத்தது தோல் புற்றுநோய். 'பேசல் செல் கார்சினோமா' என்று அறிக்கையில் எழுதியிருந்தது. புற்றுநோய்களிலேயே சாதுவானது என்று மருத்துவர் சொன்னார். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆனால் விட்டுவிட்டால் இருக்கிற இடத்திலேயே மூக்கு, குருத்தெலும்பு, கண் இமை என்று தின்றுகொண்டே போகும்.

"இதைப் போய் பத்திரிகையில எழுதணுமா? ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தச் சின்ன மருவை எட்டு மாதம் நான் மருத்துவரிடம் காட்டவில்லை. காட்டாததற்குக் காரணம் நேரமோ பணமோ இல்லை. நான் இயற்கை விவசாயி என்பதுதான் காரணம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செய்யாறு பக்கம் நாலு ஏக்கரில் இறங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, மானாவாரியில் மல்லாட்டை, கொஞ்சம் கேழ்வரகு. நஞ்சு ஒரு சொட்டு நிலத்தில் விழுந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. கூட்டங்களில் மைக்கைக் கொடுத்தால், "நம்ம அரிசியைச் சாப்பிடுறவனுக்குப் புற்றுநோய் எட்டிப் பார்க்காது" என்று நானே பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் மிளகு அளவில் கருப்பாக ஒரு புள்ளி வந்தது. மரு என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தால் லேசாக ரத்தம் கசியும். பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி கசியும். ஓரம் மட்டும் மெழுகு பூசியது போலப் பளபளப்பாக மேடிட்டு, நடுவில் சின்னப் பள்ளம் விழுந்தது. நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம்தானே, வரப்பில் இருந்த அம்மான் பச்சரிசியைக் கிள்ளிப் பாலை வைத்தேன். பொருக்கு பெரிதாகக் கட்டி விழுந்து, தோல் மழமழவென்று ஆனது. "பாத்தியா, போயிடுச்சு" என்று வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் இரண்டு மடங்காக வந்தது. பிறகு மஞ்சள், குப்பைமேனி.

கடைசியில் என்னைத் திருப்பியனுப்பியது யார் தெரியுமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் சித்த மருத்துவர். சின்ன வயசு. வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது மருந்து போடுற இடம் இல்ல. சதை எடுத்து டெஸ்ட் பண்ற இடம். நாளைக்கே போங்க" என்றார். நான் ஆங்கில மருத்துவரிடம் போயிருந்தால் அவர் அப்படித்தான் சொல்வார் என்று ஒதுக்கியிருப்பேனோ என்னவோ. சித்த மருத்துவர் சொன்னதால் போனேன்.

அம்மான் பச்சரிசிப் பாலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் பாலை ஆஸ்திரேலியாவில் மருவுக்கும் தோல் புண்ணுக்கும் மக்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாலிலிருந்தே இஞ்சினால் மெபுடேட் என்று ஒரு மருந்தைப் பிரித்தெடுத்து, வெயிலால் தோலில் வரும் செதில் தடிப்புக்குப் பூச 2012-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதித்தார்கள். அதனாலேயே தோல் புற்றுநோய் கூடலாம் என்று தெரியவந்ததும் 2020-ல் ஐரோப்பாவில் அந்த அனுமதி போனது. செடி பொய்யில்லை, அதில் வீரியம் இருக்கிறது. வீரியம் இருப்பதால்தான் எதன் மேல் வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்கக் கூடாது. என் விஷயத்தில் அந்தப் பால் மேல் தோலை மட்டும் எரித்து மூடிவிட்டது. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரம்கூட இல்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதுதான் வலி. மூக்கில் ஊசி என்றால் கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டுகிறது. நான் முழு நினைவோடு இருந்தேன். மருவைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, "நாலு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கணும் சார்" என்றார் மருத்துவர். வரப்பை ஒட்டி ஒரு முழம் விட்டு உழுவது போல என்று நினைத்துக்கொண்டேன். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும்போது முடி கருகுகிற வாசனை வந்தது. கன்னத்துத் தோலை நகர்த்தி மூடித் தைத்தார். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில், வெட்டின ஓரங்களில் நோய் இல்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் எல்லாமே.

பிறகு ஓய்வு. முதல் இரண்டு நாள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து தூங்க வேண்டும். குனியக் கூடாது. செருப்பு மாட்டக் குனிந்தால் மூக்கில் விண் விண்ணென்று தெறிக்கும். புண்ணைக் காயவிடாமல் வாஸ்லின் போட்டு ஈரமாகவே வைக்கச் சொன்னார்கள். நமக்கோ புண் என்றால் காய வேண்டும் என்றுதான் பழக்கம். சாணி, கோமியம், சேறு மூன்றும் கூடாது. அதாவது மாட்டுக் கொட்டகைக்கும் போக முடியாது, பஞ்சகவ்யமும் கலக்க முடியாது. மூன்று வாரம் வெயிலில் தலையே காட்டக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தை மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கா சார்?" அந்தக் கேள்வியில் அக்கறை இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. நான் ஏதோ திருட்டுத்தனமாக யூரியா போட்டு மாட்டிக்கொண்டது போல! முள்சீத்தாப் பழம் ஒருவர் கொண்டுவந்தார். இன்னொருவர், பக்கத்து நிலத்தில் அடிக்கிற மருந்துதான் காற்றில் வந்து உங்களைப் பிடித்திருக்கிறது, இதை இயக்கத்தில் சொல்லுங்கள் என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவரிடம் நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் வேறு. முகத்தில் வரும் இந்த வகைக்கு முதல் காரணம் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர். அது நேற்று இன்றைக்குப் பட்டதல்ல, சின்ன வயசிலிருந்து தோலில் சேர்ந்துகொண்டே வருவது. நான் மாடு மேய்த்த காலம், வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் தலையில் ஒன்றும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றிய காலம், இந்தப் பன்னிரண்டு வருஷம், எல்லாம் சேர்ந்த தொகை. கூட்டு வட்டி மாதிரி.

பூச்சிமருந்துக்கும் தோல் புற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில் ஆர்சனிக் மருந்து அடித்த தொழிலாளர்களுக்கு வரிசையாகத் தோல் புற்று வந்தது, 1942-ல் அங்கே அதைத் தடை செய்தார்கள். அது ஆதாரத்தோடு இருக்கிற விஷயம். எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியதும் காசர்கோட்டில் பாதிக்கப்பட்ட மக்களை நாடே பார்த்த பிறகுதான். நம்மிடம் பலமான வழக்குகள் இருக்கின்றன. என் மூக்கை அதில் சேர்த்தால் அந்த வழக்குகள்தான் பலவீனமாகும். கடன் மனுவில் ஒரு பொய்க் கணக்கு இருந்தால் மற்ற பக்கங்களையும் நம்ப மாட்டோம், அது என் பழைய தொழில் புத்தி.

திண்ணையில் வேறு வேலை இல்லாததால் கூலி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். போன வருஷம் களையெடுப்புக்கு மட்டும் என் நிலத்துக்கு வந்த பெண்கள் 118 ஆள். காலை ஒன்பதுக்கு இறங்கி நாலு மணிக்கு ஏறுவார்கள். பத்திலிருந்து மூன்று மணிக்குள், சாப்பாட்டு நேரம் போக, ஆளுக்கு நாலு மணி நேரம் உச்சி வெயில் என்று வைத்தால் 472 மணி நேரம். பக்கத்து நிலத்துக்காரர் களைக்கொல்லி அடிக்கிறவர். அவருக்கு அதே பரப்புக்கு மொத்தமே பதினாலு ஆள்தான் பிடித்ததாம்.

இந்தக் கணக்கை நான் முன்பு ஒரு நாளும் போட்டதில்லை. களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். அந்த முடிவை முதுகில் சுமந்தது அவர்கள். களைக்கொல்லி அடிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை, அடிக்க மாட்டேன். ஆனால் நஞ்சில்லாத அரிசி என்று பையில் அச்சடிக்கும்போது அந்த 472 மணி நேரத்தை எங்கே எழுதுகிறோம்?

வெயில் என்றால் சூடு, மயக்கம், தண்ணீர் தாகம் என்று மட்டுமே நமக்குத் தெரியும். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்ததும் அந்தச் சூட்டுக்காகத்தான். புற ஊதாக் கதிர் சுடாது, அதனால் தெரியாது. மார்கழிக் குளிரிலும் மேகமூட்டத்திலும் இறங்கும். சூரிய ஒளி புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1992-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், மெலனோமா அல்லாத தோல் புற்றால் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெயிலில் வேலை செய்ததால் இறக்கிறார் என்கிறார்கள். 2019-ல் மட்டும் கிட்டத்தட்ட 19,000 பேர். ஜெர்மனியில் 2015-லிருந்து வெயிலில் வேலை செய்வோருக்கு வரும் ஒரு வகைத் தோல் புற்று தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கட்டடத் தொழிலாளிக்கும் தோட்டக்காரருக்கும் அது உரிமை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி சார், நம்ம கருப்புத் தோலுக்கு வராது" என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. கருத்த தோலில் இருக்கும் நிறமி நல்ல குடை. நம் நாட்டில் தோல் புற்று குறைவுதான். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வரும்போது அது வெயில் படாத இடத்திலும் வரும். குறிப்பாகப் பழைய தீக்காயத் தழும்பிலும் வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும் வரும், அந்த வகை கொஞ்சம் மூர்க்கமானது. காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரிச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்வதால் சூடுபட்டுச் சூடுபட்டு அங்கே வரும். இறுகக் கட்டும் வேட்டி இடுப்பில் உராய்ந்து வரும் புற்றைப் பற்றி பம்பாயில் டாக்டர் கானோல்கர் 1945-லேயே எழுதினார். பாவாடை நாடாவுக்கும் அதே கதைதான். வேர்வையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற பெண்களுக்கு இடுப்பில் கருத்துத் தடித்திருப்பதை யார் பார்த்திருக்கிறோம்?

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகு. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

தையல் பிரித்த மறுநாள், எட்டு வருஷமாக எங்கள் நிலத்துக்குக் களைக்கு வரும் ஒரு அம்மா பார்க்க வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். மூக்கைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்று, "சார், எனக்குக்கூட கால்ல ஒண்ணு இருக்குது, ஆறவே மாட்டேங்குது" என்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நெல் அவிக்கும்போது அண்டா சாய்ந்து கொதிதண்ணீர் கொட்டிய பழைய தழும்பு, கணுக்காலுக்கு மேலே. அதன் நடுவில் காலிஃபிளவர் பூ மாதிரி மேடிட்டு ஒரு புண். தீபாவளிக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். சேற்றில் இறங்கும்போது பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். என் நிலத்தில்தான். அந்தப் பையை நானும் பார்த்திருக்கிறேன். வயலில் பிளாஸ்டிக்கை விட்டுட்டுப் போயிடாதேம்மா என்று சொன்னதாக ஞாபகம்.

சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று வந்தது, 'ஸ்குவாமஸ்' வகை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை. அகலமாக வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருத்துவச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் ஒட்டின தோல் பிடிக்கக் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும், பிறகும் சேற்றில் இறங்கக் கூடாது. மொத்தம் இரண்டு மாதம் கூலி கிடையாது.

எனக்கு மூன்று வாரம் ஓய்வு என்றால் பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. அந்த அம்மாவுக்கு நான் பாதிக் கூலி கொடுத்தேன். முழுசாகக் கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உடன் களையெடுக்கும் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

எங்கள் உற்பத்தியாளர் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். கிலோ அரிசிக்கு இரண்டு ரூபாய் எடுத்துவைத்து, வேலைக்கு வரும் பெண்களின் வைத்திய ஓய்வுக்குக் கூலி கொடுக்கலாம் என்றேன். ஏற்கெனவே விலை அதிகம் என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள், இரண்டு ரூபாய் ஏற்றினால் ஓடிவிடுவார்கள் என்றார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறது. உலக இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பு 2005-ல் ஏற்றுக்கொண்ட நான்கு கொள்கைகளில் ஆரோக்கியம், சூழல், அக்கறையோடு நியாயமும் ஒன்று என்று நான் படித்துக் காட்டினேன். யாரும் மறுக்கவில்லை, அவ்வளவுதான். என் நிலத்துக்குச் சான்றிதழ் ஆய்வுக்கு வந்தவர்கள் உரக்குழியைப் பார்த்தார்கள், விதை ரசீதைப் பார்த்தார்கள், வேலையாட்களுக்கு நிழல் எங்கே என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அரசாங்கம்கூட நூறு நாள் வேலைச் சட்டத்தில் வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், ஓய்வு நேரம் என்று எழுதி வைத்தது. நடைமுறையில் எப்படியோ, எழுத்திலாவது இருந்தது. நம் வரப்பில் எழுத்திலும் இல்லை.

என் நிலத்தில் இப்போது செய்திருப்பது பெரிசாக ஒன்றும் இல்லை. வேலை நேரம் காலை ஆறிலிருந்து பத்தரை, திரும்ப மூன்றரையிலிருந்து ஐந்தரை. முதலில் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "காலைல ஆறு மணிக்கு வந்தா வூட்ல யார் சார் சோறாக்குறது, பசங்க பள்ளிக்கூடம் போவணுமே" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பேசிப் பேசி, மத்தியானம் வராமல் காலை ஒரு வேளை மட்டும் வருகிறவர்களும் உண்டு, கூலி அதற்குத் தகுந்தாற்போல் என்று முடிவானது. கோடையில் மட்டும் முழுக்க ஆறு மணி. நாலு சவுக்குக் கழியில் தென்னங்கீற்று வேய்ந்து, இரண்டு பேர் தூக்கி நகர்த்துகிற மாதிரி ஒரு பந்தல். "கல்யாணமா சார்?" என்று சிரித்தார்கள், ஆனால் தண்ணீர் குடிக்க எல்லாரும் அதற்குள்தான் போகிறார்கள். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போடுகிற வழக்கம் அவர்களிடமே ஏற்கெனவே இருக்கிறது, அந்த விஷயத்தில் என்னைவிட விவரமானவர்கள். முண்டாசு கட்டும் நமக்குத்தான் மூக்கும் காதும் வெளியே நிற்கின்றன. அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். பூசுகிற களிம்பும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ட்யூப் விலை ஒரு பெண் ஆள் கூலியைத் தாண்டுகிறது, அதை வயல்வேலைக்குப் பரிந்துரைக்க எனக்கு வாய் வரவில்லை.

பரணில் துருப்பிடித்துக் கிடந்த கோனோ வீடரையும் இறக்கி எண்ணெய் போட்டிருக்கிறேன். கயிறு பிடித்து வரிசை நடவு செய்தால் கை களை பாதியாகக் குறையும். சோம்பேறித்தனத்தால்தான் இத்தனை வருஷம் விட்டேன், கூலி குறைவு என்பதால்தான் விட முடிந்தது. மல்லாட்டைக்கு மூடாக்கு எப்படிப் போடுவது, பூ இறங்கும் நேரத்தில் என்ன செய்வது என்று யாராவது செய்து பார்த்திருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், எனக்குத் தேவைப்படுகிறது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒன்றரை மாதத்தில் ஆறாத புண், கசிந்து பொருக்கு கட்டி மறுபடி கசிகிற மரு, பழைய தழும்பில் புதிதாகக் கிளம்பும் மேடு, இதில் எது இருந்தாலும் அதன் மேல் எதையும் வைக்காதீர்கள், போய்க் காட்டுங்கள். உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் வயலுக்கு வருகிறவர்களைக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். என் மூக்கில் கட்டு இல்லாமலிருந்தால் அந்த அம்மாவும் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கும் அவருக்கும் அடுத்த பரிசோதனை ஒரே நாளில் விழுந்திருக்கிறது, வரும் பதினாறாம் தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பித்திருக்கிறார்கள். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் சீட்டு கிடைக்கும். அதற்கு முன் மல்லாட்டையில் இரண்டாம் களையை முடிக்க வேண்டும். அவர் வருகிறேன் என்கிறார். பந்தலுக்குள் உட்கார்ந்து விதைப் பயறு பொறுக்கினால் போதும், முழுக் கூலி என்று சொல்லியிருக்கிறேன்.